எண்ணெய் டின்னுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்: வடசென்னை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். அலமாரி கிடையாது. சுவரில் புதிதாக ஆணி அடிக்க வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு பேரின் சாமான்களை வைக்க வழி தேடியபோதுதான், வீட்டில் சேர்ந்திருந்த டின்களையும் டப்பாக்களையும் பெயிண்ட் அடித்துப் பயன்படுத்தலாம் என்று தோன்றியது.

முதல் மூன்று முயற்சிகளும் வீணாகிவிட்டன. ஐஸ்கிரீம் டப்பாவில் அடித்த பெயிண்ட் இரண்டே நாளில் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. எண்ணெய் டின்னில் பெயிண்ட் ஒட்டாமல் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக நின்றது. மூன்றாவதை நவம்பர் மழையில் அடித்தேன். ஒரு வாரம் கழித்தும் பிசுபிசுப்பு போகவில்லை, உள்ளே வைத்த ஸ்கூல் சர்டிபிகேட்டின் ஓரம் ஒட்டிக் கிழிந்தது. அப்புறம் எங்கள் தெருவில் பெயிண்டிங் வேலைக்குப் போகும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பெயிண்ட்ல ஒண்ணும் கொறை இல்ல தங்கச்சி, அதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை எதுவுமே பண்ணல" என்றார். அவர் சொல்லிக்கொடுத்ததும், நான் பொருளை வீணாக்கிக் கற்றுக்கொண்டதும் கீழே இருக்கின்றன. எந்தப் படியையும் விட்டுவிடாதீர்கள்.

1. டப்பாவில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள்

அழகான டப்பா, அளவான டப்பா என்று பார்த்து எடுப்பதற்கு முன் இதைக் கேட்டாக வேண்டும். சமையல் எண்ணெய், பிஸ்கட், பால் பவுடர், ஊறுகாய் இருந்த டப்பா என்றால் தயங்காமல் எடுக்கலாம். பூச்சி மருந்து, ஆசிட், தின்னர், பெட்ரோல் இருந்தவற்றை எவ்வளவு கழுவினாலும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். தின்னரும் பெட்ரோலும் இருந்த டின்கள் காலியாகத் தெரியும், ஆனால் உள்ளே ஆவி நிற்கும். வெட்டும்போது ஒரு பொறி பட்டாலே வெடிக்கலாம்.

நம் பக்கத்தில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நீல டிரம். மணலியைச் சுற்றித் தொழிற்சாலைகள் இருப்பதால் ரசாயனம் வந்த டிரம்கள் பழைய விலைக்குச் சுலபமாகக் கிடைக்கின்றன. "நல்லா கழுவித்தான் வெச்சிருக்கோம்" என்பார்கள். ஆனால் பிளாஸ்டிக் தன்னிடம் இருந்ததை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல வெளியே விடும். லேபிள் கிழிக்கப்பட்ட டிரம் எதையும் தண்ணீருக்கோ அரிசிக்கோ வாங்காதீர்கள். விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து, டப்பா எதனால் ஆனது என்று பாருங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று போதும். காந்தம் ஒட்டினால் இரும்புத் தகரம். எண்ணெய் டின், பிஸ்கட் டின் எல்லாம் இந்த வகை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் சுலபம். காந்தம் ஒட்டியும் மேற்பரப்பில் சாம்பல் நிறத்தில் பூப்பூவாகத் தெரிந்தால் அது துத்தநாகம் பூசிய தகரம், பழைய வாளிகளில் பார்த்திருப்பீர்கள். அதில் சாதாரண எனாமலை, அதாவது பளபளப்பான எண்ணெய்ப் பெயிண்டை, நேரடியாக அடித்தால் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சில மாதங்களில் ஏடு ஏடாக உரியும். அதற்கென்று தனி பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, இருக்கிறது. அலுமினியத்துக்கும் அப்படித்தான். முதல் முயற்சிக்கு இரண்டையும் ஒதுக்கி வையுங்கள்.

பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2 அல்லது 5 என்றிருந்தால் பெயிண்ட் ஒட்டாத பிளாஸ்டிக். என் ஐஸ்கிரீம் டப்பாவில் 5 என்றுதான் இருந்தது. அதை என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

வீட்டில் இருப்பதை முதலில் எடுங்கள். போதாவிட்டால் 15 கிலோ எண்ணெய் டின்னுக்குத் தெருமுனை டீக்கடையிலும் பலகாரக் கடையிலும் கேளுங்கள். காயலான் கடைக்குப் போவதற்கு முன்பே அங்கே பிடித்தால் டின் நசுங்காமல் கிடைக்கும். எனக்கு ஒன்று 40 ரூபாய்க்குக் கிடைத்தது. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் வேண்டுமென்றால் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள், நான் 100 ரூபாய் கொடுத்தேன். மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூடி தனியாகக் கிடைக்காது.

பெயிண்ட் சாமான்களைப் பக்கத்து ஹார்டுவேர் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். பத்து இருபது டப்பாவுக்கு மொத்தமாக வாங்குவதாக இருந்தால் மட்டும் மண்ணடி வரை போய் வருவதில் லாபம் உண்டு.

எனக்கு ஆன செலவு இது. எண்ணெய் டின் இரண்டு 80, பக்கெட் 100, டின்னை வெட்டி மடித்து ஒன்றுக்குக் கீல் வைத்த கூலி 130, சலவை சோடாவும் தேய்க்கும் நாரும் 30, உப்புத்தாள் நான்கு 60, ரெட் ஆக்சைடு பிரைமர் அரை லிட்டர் 140, எனாமல் 200 மில்லி டப்பா இரண்டு 190, டர்பன்டைன் அரை லிட்டர் 90, பிரஷ் இரண்டு 80, மாஸ்கிங் டேப் 40, டின் மேல் கோலம் போட வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் 30, வார்னிஷ் 100. ஆக மொத்தம் 1,070 ரூபாய். இதில் இரண்டு எண்ணெய் டின், வீட்டிலிருந்த இரண்டு பிஸ்கட் டின், ஒரு பக்கெட் என ஐந்து பெட்டிகள் தயாராயின. பிரைமரும் எனாமலும் பாதி மிஞ்சின. கடைக்குக் கடை பத்து இருபது ரூபாய் கூடும், குறையும்.

எனாமலை ஒரு லிட்டர் டப்பாவாக வாங்கிவிடாதீர்கள். "லிட்டரா எடுத்தா லாபம்மா" என்பார்கள். ஓர் எண்ணெய் டின்னுக்கு இரண்டு கோட்டுக்கும் (பூச்சுக்கும்) சேர்த்து 70, 80 மில்லிதான் ஆகும். திறந்து வைத்த எனாமல் ஏடு கட்டிப் போகும்.

வாங்கும்போது டப்பாவின் லேபிளைப் படியுங்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கை, தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த அறிவிப்பு லேபிளில் இருக்க வேண்டும். குழந்தைகள் தொடும் பொருள் என்பதால் பெயரில்லாத மலிவுப் பெயிண்ட் வேண்டாம். பில்லையும் கேட்டு வாங்குங்கள். பிரைமர் டப்பாவைத் திறந்தபோது கட்டியாக இருந்து, அதை மாற்ற நான் போனபோது பில் இல்லாததால் முடியாமல் போனது.

3. எந்த மாதம், எந்த நேரம்

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடியும் வரை எனாமல் வேலையைத் தொடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் பெயிண்ட் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காயாது. தை பிறந்த பிறகு தொடங்கினால் ஆடி வரை நல்ல காலம்.

நேரம் என்றால் காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள். அதற்குப் பிறகு இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. ஒன்று வெயில். உச்சி வெயிலில் தகரம் கையில் பிடிக்க முடியாதபடி சுடும், அதன் மேல் பெயிண்ட் பட்டால் கொப்புளம் கட்டும். இன்னொன்று கடல்காற்று. பகலில் அது இறங்கியதும் காற்றில் ஈரமும் உப்பும் ஏறும், அதோடு கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் மாடிக்கு வரும். ஈரப் பெயிண்டில் படிந்த புழுதியை எடுக்கவே முடியாது. காயவைக்கும்போது டப்பாவைத் தலைகீழான அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். காற்றுப் போக அட்டைப்பெட்டியின் பக்கங்களில் ஓட்டை போட்டால் போதும். பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள், மாசியில்கூட விடியற்காலைப் பனி உண்டு.

மாடியைப் பயன்படுத்த வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருக்கும் ஸ்டோர் வீடுகளிலும் ஹவுசிங் போர்டு பிளாட்டுகளிலும் பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. டர்பன்டைன் வாசனை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. தரையில் பழைய பேனரை விரித்துக்கொள்ளுங்கள். தளத்தில் ஒரு சொட்டு சிந்தினாலும் அட்வான்ஸில் கழிப்பார்கள்.

கேஸ் அடுப்போ பூஜை விளக்கோ எரியும் அறையில் தின்னரையோ டர்பன்டைனையோ திறக்கக் கூடாது. ஸ்பிரே பெயிண்ட் வாங்கினால் அந்தக் கேனை மொட்டை மாடி வெயிலில் விட்டுவிட்டுக் கீழே இறங்காதீர்கள், சூட்டில் வெடிக்கக்கூடியது.

4. வெட்டுவதைத் தகர வேலை செய்பவரிடம் விடுங்கள்

எண்ணெய் டின்னை நானே வெட்டிக் கையைக் கிழித்துக்கொண்டேன். டெட்டனஸ் வராமல் இருக்க டிடி ஊசி போடப் போனதிலேயே அரை நாள் போயிற்று. புனல், உண்டியல், அடுப்பு செய்யும் தகரக் கடைகள் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இன்னும் இருக்கின்றன. 50 ரூபாய்க்கு வெட்டி, விளிம்பை உள்பக்கம் மடித்துத் தட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

எப்படி வெட்டச் சொல்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேல்பக்கத்தை எடுத்தால் உயரமான பெட்டி, குடை, சுருட்டிய பாய், பிள்ளைகளின் கிரிக்கெட் பேட் எல்லாம் நிற்கும். டின்னைப் படுக்கவைத்து ஒரு நீளப்பக்கத்தை எடுத்து, அதையே கீல் வைத்து மூடியாக மாற்றச் சொன்னால் அருமையான பத்திரப் பெட்டி கிடைக்கும். 15 கிலோ டின்னின் அகலம் ஏறக்குறைய 23.5 சென்டிமீட்டர், நீளம் 35. ஏ4 தாளின் அளவு 21க்கு 29.7. ஆக, தாள் மடியாமல் படுக்கையாகவே உள்ளே போகும்.

ஆனால் இங்கே ஓர் இடறல் உண்டு. என் முதல் டின்னில் விளிம்பைக் கட்டைவிரல் அகலத்துக்கு மடித்துவிட்டார்கள். வாய் 20 சென்டிமீட்டர்கூட இல்லாமல் போய், தாளை வளைத்துத்தான் உள்ளே நுழைக்க முடிந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மடிக்கக் கூடாது. சொன்னால் மறந்துபோகலாம், அதனால் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரைக் கையோடு கொண்டுபோய், "இது உள்ள போவணும்" என்று காட்டிவிடுங்கள்.

மூடியைத் தனித் துண்டாக எடுக்காமல் ஒரு பக்கம் மட்டும் விட்டு மடக்கித் திறந்தால் என்ன என்று கேட்கலாம். பத்து இருபது முறை மடக்கினால் தகரம் அந்தக் கோட்டிலேயே முறிந்துவிடும். 30 ரூபாய் கொடுத்துக் கீல் வைத்துக்கொள்ளுங்கள்.

5. எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது

அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இது. முதல் தடவை நானும் சோப்புப் போட்டு ஒரு தடவை கழுவிவிட்டு முடிந்தது என்று நினைத்தேன்.

முதலில் டின்னைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடிய விடுங்கள். மறுநாள் சீயக்காய்த்தூளையோ கடலை மாவையோ உள்ளேயும் வெளியேயும் தூவித் துணியால் துடைத்தால் கெட்டி எண்ணெய் அதோடு வந்துவிடும். இந்த எண்ணெய் மாவைச் சாக்கடையில் போடாதீர்கள், கட்டிப்போய் அடைத்துக்கொள்ளும். பேப்பரில் மடித்துக் குப்பையில் போடுங்கள். பிறகு ஒரு பக்கெட் வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவை சோடா கரைத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நாரால் தேயுங்கள். டின்னின் பக்கவாட்டு மடிப்புக்குள் எண்ணெய் ஒளிந்திருக்கும், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அந்தக் கோட்டைத் தனியாகத் தேயுங்கள். அலுமினியப் பாத்திரத்துக்குச் சலவை சோடா போடக் கூடாது, அரித்துவிடும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க அந்தப் பெயிண்டர் அண்ணன் ஒரு சோதனை காட்டினார். டின்னின் பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்து இறங்கினால் எண்ணெய் இல்லை. எங்காவது இரண்டாகப் பிரிந்து முத்து முத்தாக நின்றால் அந்த இடத்தில் இன்னும் பிசுக்கு இருக்கிறது. என் டின் இந்தச் சோதனையில் தேறியது நான்காவது கழுவலில்.

கடைசி அலசலுக்கு மெட்ரோ தண்ணீரை (குடிநீர் வாரியத் தண்ணீரை) பயன்படுத்துங்கள். கடலோரத்தில் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. அந்தத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் உப்பு தகரத்தில் தங்கிவிடும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும், அடியில் துருவும் ஓடும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலைப் பார்த்த வீடுகளில் கிரில் கதவு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். டப்பாவுக்கும் அதே கதிதான். அலசியதும் உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். அன்றைக்கு வேறு வேலை வேண்டாம்.

6. உப்புத்தாளும் ரெட் ஆக்சைடும்

துரு இருந்தால் 120 நம்பர் உப்புத்தாளால் பளிச்சென்று தகரம் தெரியும் வரை தேயுங்கள். துரு இல்லாத இடத்தில் 220 நம்பரால் லேசாகத் தேய்த்தால் போதும். பளபளப்பு போய் மங்கலாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் பிரைமர் பிடித்துக்கொள்ளும். சிறு ஓட்டைகளை எம்-சீல் என்ற அடைப்புப் பசையை வைத்து அடைத்துக் காய்ந்த பிறகு தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

பாட்டி காலத்து ட்ரங்குப் பெட்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிறீர்கள் என்றால் நிறுத்தி யோசியுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உலர்வாகத் தேய்த்தால் தூள் பறக்கும். வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேயுங்கள், முகத்துக்கு மாஸ்க் போடுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

தேய்த்த தூளை டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். அதற்குப் பிறகு தகரத்தை வெறும் விரலால் தொடக் கூடாது, விரல் வியர்வை பட்ட இடம் நம் ஊர்க் காற்றில் ஒரே ராத்திரியில் துருப்பிடித்துவிடும். அதனால் தேய்த்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். ரெட் ஆக்சைடு அடியில் கெட்டியாகத் தங்கியிருக்கும், ஒரு குச்சியால் இரண்டு நிமிடம் கலக்குங்கள். கொஞ்சமாக டர்பன்டைன் விட்டு, மெல்லியதாக ஒரு கோட்டு. மடிப்புகளையும் அடிப்பாகத்தையும் விடாதீர்கள், துரு முதலில் அங்கேதான் வரும். மறுநாள் காலை வரை காயட்டும்.

உள்பக்கம் அடிக்கலாமா? பத்திரம், துணி, செருப்பு வைக்கும் டின் என்றால் பிரைமர் ஒரு கோட்டு, எனாமல் ஒரு கோட்டு அடிக்கலாம். உணவுப்பொருள் என்றால் உள்ளே எதையும் அடிக்கக் கூடாது. பருப்பு, ரவையை அந்தந்தப் பாக்கெட்டோடோ எவர்சில்வர் டப்பாவோடோதான் உள்ளே வைக்க வேண்டும்.

7. எனாமல்: இரண்டு மெல்லிய கோட்டு

கழுவிய நாளிலிருந்து மூன்றாம் நாள் காலையில் பிரைமர் மேல் 400 நம்பர் தாளால் ஒரு தடவு தடவிவிட்டு எனாமலைத் தொடங்குங்கள். பிரஷ்ஷின் முடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனைய வேண்டும். மேலிருந்து கீழாக ஒரே போக்கில் இழுங்கள், போன இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகாதீர்கள். முதல் கோட்டில் அடியிலிருக்கும் காவி நிறம் அங்கங்கே தெரியத்தான் செய்யும். அதை மறைக்கத் தடிப்பாக அடித்தால் வழிந்து கண்ணீர்க் கோடு விழும். மறுநாள் இரண்டாவது கோட்டில் எல்லாம் மூடிக்கொள்ளும்.

பிஸ்கட் டின் அடிக்கிறவர்கள் மூடி உட்காரும் விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். அங்கே பெயிண்ட் ஏறினால் ஒன்று மூடி போடவே முடியாது, இல்லை போட்ட மூடி ஒட்டிக்கொண்டு வராது. பெயிண்ட் முழுக்கக் காய்வதற்குள் டேப்பைச் சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு எடுத்தால் பெயிண்டையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும்.

நிறம் உங்கள் இஷ்டம். சமையலறைக்கு வெளிர் நிறம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நான் க்ரீம் அடித்த டின் ஆறு மாதத்தில் பழுப்பாகிவிட்டது. கருநீலமும் இலைப்பச்சையும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

8. கோலம் போட விரும்பினால்

இரண்டாவது கோட்டு முடிந்து முழுதாக ஒரு நாள் காயட்டும். கோலம் வரும் இடத்தை மட்டும் 400 நம்பரால் பட்டும் படாமலும் தேய்த்து மங்கலாக்குங்கள், பளபளப்பான எனாமலில் அக்ரிலிக் நிற்காது.

எண்ணெய் டின்னின் முகம் ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு அளந்து செய்த மாதிரி இருக்கும். புள்ளிக்குப் புள்ளி நான்கு சென்டிமீட்டர் விட்டால் ஐந்து புள்ளி 16 சென்டிமீட்டரில் முடியும். இரண்டு பக்கமும் மூன்றரைக்கு மேல் மிஞ்சும், சுற்றிவரும் கோட்டுக்கு அது தாராளம். புள்ளியைப் பென்சிலால் வைத்துக்கொண்டு, பஞ்சுக்குச்சியால் வெள்ளை வையுங்கள்.

கோலக்கோடு இழுக்கப் பிரஷ் வேண்டாம். மருதாணிக் கோன் செய்கிற மாதிரி கெட்டிப் பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி, கெட்டியான அக்ரிலிக்கை நிரப்பி, நுனியை ஊசி அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கையில் மருதாணி போடத் தெரிந்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. என் அம்மா இந்த வயதிலும் ஒரே இழுப்பில் போட்டார். அவருக்குக் குனிந்து வாசலில் கோலம் போட முடிவதில்லை, டின்னை மேஜை மேல் வைத்துப் போட்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தவறினால் ஈரத்துணியால் உடனே துடைத்துவிட்டு மறுபடி போடலாம். ஒரு நாள் காய்ந்ததும் மேலே வார்னிஷ் ஒரு கோட்டு.

9. பிளாஸ்டிக் டப்பா, பக்கெட், கண்ணாடி பாட்டில்

2, 5 எண் பிளாஸ்டிக்குக்குத் தனி பிரைமர் ஸ்பிரே கிடைக்கிறது. ஒரு கேன் 300 ரூபாய்க்கு மேல். அதை அடித்தாலும் டப்பாவை அழுத்தி வளைத்தால் பெயிண்ட் வெடிக்கும். என்னைக் கேட்டால் அந்தச் செலவு வீண். பக்கெட்டுக்கும் ஐஸ்கிரீம் டப்பாவுக்கும் தலையணை உறை மாதிரி ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளில் வெட்டுத்துணி கேளுங்கள், ஒன்றரை மீட்டர் இருந்தால் 20 லிட்டர் பக்கெட்டைச் சுற்றி வரும். வாயில் எலாஸ்டிக் வைத்தால் கழற்றித் துவைக்கலாம். கோலம் வேண்டுமென்றால் துணியிலேயே போடலாம், அதே அக்ரிலிக் துணியில் நன்றாகப் பிடிக்கும். பக்கெட்டுக்குள் காய்ந்திருக்கும் எமல்ஷனை (சுவர்ப் பெயிண்டை) வெந்நீரில் ஊறவைத்தால் தோலாக உரிந்து வரும்.

கண்ணாடி பாட்டில் லேபிளை வெந்நீரில் ஊறவைத்து எடுங்கள். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெயிண்டை வெளிப்பக்கம் மட்டும், அதுவும் அடிப்பாதியில் மட்டும் அடியுங்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா.

10. ஒரு வாரம் தொடாதீர்கள், அப்புறம் பத்திரங்கள்

எனாமல் ஒரே நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும், ஆனால் முழுதாக இறுக ஒரு வாரம் வேண்டும். இதற்குப் பொறுக்காமல்தான் என் சர்டிபிகேட்டைக் கிழித்துக்கொண்டேன். மூடியைத் திறந்தபடி, காற்றோட்டமான இடத்தில் ஏழு நாள் வையுங்கள். ஒன்றிரண்டு நாளுக்கு மழை பெய்தால் பத்து நாள். பிறகு மூடியை மூடி ஒரு ராத்திரி வைத்துக் காலையில் முகர்ந்து பாருங்கள், பெயிண்ட் வாசனை வந்தால் இன்னும் ஆகவில்லை. ஆக, முதல் கழுவலிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டு வாரம். பள்ளி திறக்கும் ஜூனுக்குள் புத்தகப் பெட்டி வேண்டுமென்றால் மே மாதப் பாதிக்குள் தொடங்குங்கள்.

பத்திரப் பெட்டியில் எதை வைப்பது என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பெட்டியில் ரேஷன் கார்டு, ஆதார், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், வாடகை ஒப்பந்தம், பேங்க் பாஸ்புக், கேஸ் இணைப்புப் புத்தகம், அம்மாவின் மருத்துவச் சீட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர். எல்லா ஃபோல்டரையும் சேர்த்து ஜிப் வைத்த கெட்டி பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, அதற்குப் பிறகுதான் டின்னுக்குள் வைக்க வேண்டும். டின் தண்ணீர் புகாதது என்று நம்பிவிடாதீர்கள். கீல் வைத்த இடத்திலும் மூடி ஓரத்திலும் தண்ணீர் தாராளமாகப் போகும். எலியிடமிருந்தும் கரையானிடமிருந்தும் தகரம் காப்பாற்றும், வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்போவது அந்தக் கவர்தான். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருந்தால் இரண்டு போடுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

எங்கே வைப்பது? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் தெருவில், உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அப்போது இருந்தவர்களைக் கேளுங்கள். பல வீட்டுச் சுவர்களில் அந்தக் கோடு இன்னும் தெரியும். பத்திரப் பெட்டி அதற்கு மேலே பரணில் இருக்கட்டும், ஒரு ஆள் ஒரு கையால் எட்டி எடுக்கும் இடத்தில். கட்டிலுக்கு அடியில் வேண்டவே வேண்டாம். பெட்டி வெறும் தரையிலோ சிமென்ட் பரணிலோ நேராக உட்காரவும் கூடாது. அடியில் ஈரம் தங்கித் துரு வரும். நான்கு மூலையிலும் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.

வாசலிலோ மாடியிலோ செடி வைக்க ஒரு டின்னை ஒதுக்கினால் அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டுவிடுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்கு கொசு ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்துவிடும். மாநகராட்சி ஆட்கள் வந்து பார்க்கும்போது முதலில் கவிழ்த்துப் பார்ப்பது இந்த மாதிரி டப்பாக்களைத்தான். பெயிண்ட் அடிக்கக் காத்திருக்கும் காலி டின்களையும் கவிழ்த்தே வையுங்கள்.

11. மிச்சமானவற்றை என்ன செய்வது

பிரஷ்ஷை டர்பன்டைனில் கழுவியதும் அந்த டர்பன்டைனைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். ஒரு மூடி போட்ட பாட்டிலில் இரண்டு நாள் வைத்தால் பெயிண்ட் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். நனைந்த துணிகளைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போடாமல், மாடிக்கொடியில் விரித்துக் காயவைத்த பிறகு தூக்கி எறியுங்கள். காலிப் பெயிண்ட் டப்பாவையும் படிந்த கசடையும் மக்கும் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கட்டி, "பெயிண்ட்" என்று எழுதித் துப்புரவுப் பணியாளரிடம் கையில் கொடுங்கள். எழுதாமல் கொடுத்தால் அவர்கள் வெறும் கையால் பிரிப்பார்கள்.

மிஞ்சிய எனாமல் மேல் ஒரு ஸ்பூன் டர்பன்டைன் விட்டு, மூடியைத் தட்டி இறுக்கி வையுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, தை மாதத்தில், பெட்டிகளின் மடிப்பையும் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். எங்காவது புள்ளி அளவு துரு தெரிந்தால் தேய்த்து, ரெட் ஆக்சைடு வைத்து, மறுநாள் இந்த மிச்ச எனாமலில் ஒரு டச்சப் கொடுத்துவிடலாம்.